உரிமை கோரப்படாத நான்கு சக்கரப் பொருள்

பெரிய நாடு ஒன்றின் சிறப்புத் தூதர் நட்புப் பயணமாக ஸ்கெல்ஹவனுக்கு வருகிறார் என்று தெரிந்த நாள் முதல், நட்பு என்றால் என்னவென்று அந்தத் துறைமுக ஊருக்குப் புரிய ஆரம்பித்தது. முதலில் தெருக்களிலிருந்த குப்பைத்தொட்டிகளை எடுத்தார்கள். அடுத்து தபால் பெட்டிகளை எடுத்தார்கள். பாதாளச் சாக்கடை மூடிகளைத் திறக்க முடியாதபடி பற்றவைத்தார்கள். பூங்காக் குளத்து வாத்துகளைப் பிடித்துப் பக்கத்து ஊரில் கொண்டுபோய் விட்டார்கள். அவை மறுநாளே பறந்து வந்துவிட்டதால், வாத்துகளுக்கென்று தனிக் குழு ஒன்றை அமைத்தார்கள். வரவேற்கப்போகும் பள்ளிப் பிள்ளைகளின் காகிதக் கொடிகளிலிருந்து குச்சிகளை உருவிவிட்டு, குச்சியில்லாத கொடியை எப்படி ஆட்டுவது என்று அவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள்.

தூதரின் நாட்டுக் கப்பல் ஒன்று போன இலையுதிர்காலத்தில் ஊருக்கு எதிரே கடலில் எண்ணெயைக் கொட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் போயிருந்தது. அந்த எண்ணெய் கரையை விட்டு இன்னும் போனபாடில்லை. அதற்குள் தூதர் வருகிறார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று வெளியுறவு அமைச்சகம் சொல்லிவிட்டது. அமைச்சகம் சொன்ன பிறகு சம்பந்தம் எப்படி இருக்கும்?

இதிலெல்லாம் எப்பேவுக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. வரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். இப்போது தகப்பன் விடுப்பில் வீட்டில் இருந்தான். ஏழு மாத மகள் சோல்வைக்குக் காதுவலி. ராத்திரியெல்லாம் கத்திக் கத்தி, பெற்றவர்களையும் தூங்கவிடாமல், தானும் தூங்காமல் கிடந்தாள். மருத்துவச்சியாக வேலை பார்க்கும் அவன் மனைவி சிக்னே கண் சிவக்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். தூதர் வரும் நாள் காலையில்தான் சோல்வைக்கு வலி விட்டது. குழந்தை வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்ததில், சதுக்கத்து ரொட்டிக்கடை வாசலை எட்டுவதற்குள் அசந்து தூங்கிவிட்டாள். எப்பே வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, போர்வையை மோவாய் வரை இழுத்துவிட்டு, காபி வாங்கக் கடைக்குள் போனான். அந்த ஊரில் குழந்தை என்றால் வெளியில்தான் தூங்கும். குளிர்காற்று பட்டால்தான் நல்ல தூக்கம் வரும் என்பது அவர்கள் வழக்கம். வீட்டுக்குள் தூங்கவைத்தால், பாவம், என்ன கஷ்டமோ என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் விசாரிப்பார்கள்.

கடைக்குள் எப்பேயின் முறை வருவதற்குள் உல்ரிக் என்ற போலீஸ்காரர் அடிமேல் அடிவைத்து உள்ளே வந்தார். குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று கிசுகிசுத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் பின்வாசல் வழியா வெளிய வந்துடுங்க. ரெண்டு நிமிஷ வேலைதான்."

"என் பொண்ணு முன்வாசல்ல தூங்குறா," என்றான் எப்பே.

"பாத்தேன், பாத்தேன். என்னமா தூங்குறா! எழுப்பிடாதே."

"காதுவலியில ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

"அப்ப கிட்டயே போகாதே. ரெண்டு நிமிஷம்தானே, நான் பாத்துக்கறேன்."

தூங்கும் குழந்தையை எழுப்புவது அந்த ஊரில் கொலைக்கு அடுத்தபடியான பாவம். கடையில் நின்றவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். எப்பேயும் நல்ல பிள்ளையாகப் பின்வாசல் வழியாக வெளியே போனான்.

சுற்றிக்கொண்டு சதுக்கத்து முனைக்கு வந்தபோது குறுக்கே நாடா கட்டியிருந்தது. அந்தப் பக்கம் ஈ காக்கை இல்லாத சதுக்கத்தில் நீலக் கூரை போட்ட குழந்தை வண்டி தன்னந்தனியாக நின்றது. உல்ரிக்கைக் காணோம். வாத்துக் குழுவுக்கு ஆள் போதவில்லை என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்களாம். நாடாவுக்குக் காவலாக வேறு ஊர் போலீஸ்காரர் ஒருவர் நின்றார்.

"அதுல இருக்கறது என் குழந்தை. எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

"இப்பதான் இது சிவப்பு வட்டாரமாச்சு. மஞ்சளா இருந்தப்பவே வந்திருக்கக் கூடாது?"

"மஞ்சளா இருந்தப்ப உள்ளதான் இருந்தேன். வெளிய போகச் சொன்னாங்க."

"சொன்ன பேச்சக் கேட்டிருக்க. நல்ல விஷயம்," என்று பாராட்டினார் போலீஸ்காரர். பிறகு, மேலதிகாரிகளிடம் பேசிப் பார் என்று தேவாலயத்தடியில் நின்ற காவல்துறைக் கட்டளை வண்டியைக் கைகாட்டினார்.

ஊர்க் காவல்துறைத் தலைவி விபெக்கே கனிவான பெண்மணி. அந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லி, நீ என்றுதான் பேசுவார்கள். காவல்துறைத் தலைவியும் அதற்கு விலக்கல்ல. கட்டளை வண்டிக்குள் எப்பேவைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வா எப்பே, உக்காரு. காபி குடிக்கிறியா?"

"விபெக்கே, என் பொண்ணு சதுக்கத்துல மாட்டிக்கிட்டா."

"தெரியும். சோல்வைதானே? காதுவலி தேவலையா?"

"தேவலை. போய் எடுத்துக்கிட்டு வந்துடட்டுமா?"

விபெக்கே குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரு எப்பே. அது குழந்தைன்னு எனக்குத் தெரியும். என் பேத்தியும் அந்த வாசல்லதான் தூங்குவா. ஆனா எனக்குத் தெரிஞ்சது வேற, காவல்துறைக்குத் தெரிஞ்சது வேற. இப்போதைக்குக் காவல்துறைக்குத் தெரிஞ்சதெல்லாம், உரிமை கோரப்படாத நான்கு சக்கரப் பொருள் ஒண்ணு சதுக்கத்துல நிக்குதுங்கறதுதான்."

"நான் உரிமை கோருறேனே!"

"ரொம்ப நல்லது. பொருளுக்குப் பக்கத்துல நின்னு கோரணும்."

"அப்ப என்னை உள்ள விடு."

"சிவப்பு வட்டாரத்துக்குள்ள யாரையும் விடக் கூடாதே," என்றார் விபெக்கே, உண்மையான வருத்தத்தோடு.

கட்டளை வண்டியின் மூலையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். தூதருக்கு முன்னால் வந்து இறங்கியிருந்த பாதுகாப்பு ஆலோசகர். வெயில் தலைகாட்டாத அந்த ஊரிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர்.

"எங்க நாட்டுல பெத்தவங்க யாரும் குழந்தைய இப்படித் தெருவுல விட்டுட்டுப் போகமாட்டாங்க," என்றார்.

"ஏன்?" என்று கேட்டான் எப்பே. அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"பாதுகாப்பு கிடையாது. எவனாவது தூக்கிக்கிட்டுப் போயிடுவான். இல்லாட்டி சுட்டுடுவான்." கொஞ்சம் யோசித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "அதனாலதான் பாதுகாப்புன்னா என்னன்னு உங்களுக்குக் கத்துக்குடுக்க எங்களை அனுப்பியிருக்காங்க."

விபெக்கே அதைப் பணிவாகக் குறித்துக்கொண்டார்.

அமைச்சகத்திலிருந்து வந்திருந்த மோன்ஸ் என்ற மரியாதைப் பிரிவு அதிகாரி தொண்டையைச் செருமினார். விருந்தாளிக்கு முன்னால் எந்தக் காலை எடுத்து வைப்பது என்பதில் நாட்டிலேயே அவருக்கு நிகர் இல்லை.

"இதுல சிக்கல் ரெண்டு பக்கமும் இருக்கு. அது பொருளா இருந்தா ஆபத்து. குழந்தையா இருந்தா அதைவிட ஆபத்து. தூதரை வரவேற்க நாப்பது பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்திருக்கோம். எல்லாரையும் தீர விசாரிச்சாச்சு. இது நாப்பத்தோராவது. இது யாரு, எதுக்காக அங்க வந்து படுத்திருக்கு, தூதரைப் பத்தி என்ன நினைக்குது, ஒண்ணுமே தெரியாது."

"ஏழு மாசக் குழந்தைங்க அது!" எப்பேவுக்கு அவசரத்தில் மரியாதை கூட வந்துவிட்டது.

"இருக்கட்டும். இந்த ஏழு மாசத்துல பொது இடத்துல சத்தம் போட்டதே இல்லையா?"

"பசிச்சா அழுவா."

"முன் அனுமதி வாங்கி?"

எப்பே விபெக்கேயைத் திரும்பிப் பார்த்தான். மோன்ஸ் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்.

"பொது இடத்துல, முன் அனுமதி இல்லாம, குரல் எழுப்பி அதிருப்தி தெரிவிக்கறதுக்குப் பேரு ஆர்ப்பாட்டம். தப்பா நினைக்காதே. இந்த நாட்டுல எதிர்ப்பு தெரிவிக்க எல்லாருக்கும் முழு உரிமை இருக்கு. அதுக்காகவே குளிர்பதனக் கிடங்குக்குப் பின்னால விசாலமா இடம் ஒதுக்கியிருக்கோம். தூதர் கண்ணுலயும் படாது, காதுலயும் விழாது. உரிமைக்கும் பங்கமில்ல, விருந்தாளிக்கும் சங்கடமில்ல. இப்படி ஒரு ஏற்பாடு உலகத்துல வேற எங்கயும் கிடையாது."

ஆலோசகர் இதற்குள் வரைபடத்தில் ஏதோ ஒன்றைக் கண்டு திடுக்கிட்டார். "தெற்குப் பக்கம் ஒரு ஆள்கூட நிறுத்தலையே? அந்த ஆர்ப்பாட்டக்காரங்க தெருவைத் தாண்டி வந்துட்டா?"

"அங்க பாதசாரி சிக்னல் இருக்கு," என்றார் விபெக்கே. "காலையிலேருந்து சிவப்புலயே நிறுத்தி வச்சிருக்கோம்."

"சிக்னலா? வெறும் விளக்கா?"

"எங்க ஊருக்கு அது போதும்."

ஆலோசகருக்குத் தலை சுற்றியது. எப்பேவுக்கு அது இயல்பாகவே பட்டது. அவன் கவலையெல்லாம் வேறு.

"சரி, சோல்வையை எப்ப எடுக்கலாம்? இன்னும் கொஞ்ச நேரத்துல பாலுக்கு முழிச்சுக்குவா."

விபெக்கே காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே பேசினார். "தூதர் கார் வர்றதுக்குள்ள பொருளைச் செயலிழக்கச் செஞ்சாகணும். வெடிகுண்டு எடுக்கற ரோபோ கிளம்பியாச்சு. தண்ணியைத்தான் பீச்சும். ஆனா கொஞ்சம் வேகமா பீச்சும்."

"வேகமான்னா?"

"இரும்புப் பெட்டி சுக்குநூறாகும்," என்றார் ஆலோசகர், தன் நாட்டுத் தயாரிப்பைப் பற்றிய பெருமையோடு.

எப்பே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "விபெக்கே! உள்ள குழந்தை இருக்கு!"

"கத்தாதே எப்பே. தெரியும்னுதான் சொல்றேனே. தலைமையகத்துக்கும் சொல்லிட்டேன். அவங்களும் தெரியும்னுட்டாங்க. அமைச்சகத்துக்கும் தெரியும். தெரியாதுன்னு ஒருத்தரும் சொல்லல. ஆனா பொருளைக் குழந்தைன்னு மாத்தணும்னா யாராவது ஒருத்தர் பொறுப்பேத்துக்கணும். நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, அந்த ஒருத்தர்..." வாக்கியத்தை முடிக்காமல் காபியை ஒரு வாய் குடித்தார். "யாராவது ஏத்துக்குவாங்க. நீ வீணா மனசைப் போட்டு அலட்டிக்காதே."

யாராவது என்று சொன்னபோது அவர் மோன்ஸைப் பார்த்தார். மோன்ஸ் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் எங்கே பார்த்தார் என்பது கறுப்புக் கண்ணாடிக்குத்தான் தெரியும். எப்பே மேசையைத் தட்டினான். அவன் வாழ்க்கையில் மேசையைத் தட்டியது அதுதான் முதல் தடவை. இரண்டு போலீஸ்காரர்கள் அவன் தோளில் கைபோட்டு, சமாதானம் சொல்லி, கையில் ஒரு காகிதக் கோப்பைக் காபியோடு வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அந்த ஊர்ப் போலீசின் பண்பாட்டுக்கு ஈடு இணை கிடையாது.

தெருவில் கைபேசி அடித்தது. சிக்னே.

"குழந்தை எங்க?"

"வெளியில தூங்குறா."

"அப்பாடா. நீ எங்க இருக்க?"

"நான்... அதுக்கும் வெளியில."

சிக்னே மேலே கேட்பதற்குள் அவன் ஓட ஆரம்பித்திருந்தான். நாடா இல்லாத சந்து ஏதாவது அகப்படாதா என்று ஊரைச் சுற்றிக்கொண்டு போனான். திரும்பின பக்கமெல்லாம் நாடா. கடைசியில் தெற்கே, குளிர்பதனக் கிடங்கின் பின்புறத்தில் மீன் நாற்றத்துக்கு நடுவே முப்பது பேர் பதாகைகளோடு நிற்பதைப் பார்த்தான். ஓய்வுபெற்ற பல் டாக்டர் கெர்டா தலைமையில் அவர்கள் தூதரைக் கண்டித்துக்கொண்டிருந்தார்கள். கேட்பதற்குக் கடற்பறவைகள்தான் இருந்தன. அவையும் மீன் கிடைக்காதா என்று வந்தவை.

எப்பே மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னான். கூட்டம் கொதித்துப்போயிற்று.

"குழந்தை மேல தண்ணி பீச்சறதா? என்ன அக்கிரமம் இது! எப்பே, நாங்க இருக்கோம் உனக்கு," என்றார் கெர்டா. "எல்லாரும் கிளம்புங்க!"

"கெர்டா, ஒரு நிமிஷம்," என்று தாடிக்காரர் ஒருவர் கை தூக்கினார். "நமக்கு அனுமதி கொடுத்திருக்கறது எண்ணெய் விவகாரத்துக்கு மட்டும்தான். குழந்தை வண்டி அதுல வராது."

கொதிப்பு சட்டென்று அடங்கியது. எல்லாரும் யோசித்தார்கள்.

"வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் போடுவோமில்ல?" என்றாள் ஒரு பெண்.

"அட, போடுவோமே! அப்ப சேத்துக்கலாம்," என்றார் கெர்டா. "எதுக்கும் வாக்கெடுத்துடுவோம்."

கை தூக்கி வாக்கெடுத்தார்கள். தாடிக்காரர் மட்டும் நடுநிலை வகித்தார். ஏன் நடுநிலை என்று விளக்கவும் செய்தார். எப்பே நின்ற இடத்தில் நிற்க முடியாமல் தவித்தான். ஒருவழியாகக் கூட்டம் கிளம்பியது. "குழந்தையை விடு! குழந்தையை விடு!" என்று முழங்கிக்கொண்டு, கிடங்கைச் சுற்றி, சதுக்கத்தின் தெற்கு முனைக்கு வெள்ளமாகப் பாய்ந்து வந்தது. வந்து, பாதசாரிக் கடவையில் நின்றது.

விளக்கு சிவப்பாக இருந்தது.

சாலையில் ஒரு கார் கிடையாது. ஒரு சைக்கிள் கிடையாது. காலையிலிருந்தே ஊர்ப் போக்குவரத்தை முழுவதுமாக நிறுத்தியிருந்தார்கள். முப்பது பேரும் ஓரக்கல்லுக்குப் பின்னால் வரிசையாக நின்று, எதிரே விளக்கில் நின்ற சிவப்பு மனிதனைப் பார்த்தபடி முழங்கினார்கள். மறைப்பதற்கில்லை, எப்பேயும் அவர்களோடுதான் நின்றான். கால் தானாக நின்றுவிட்டது. அந்தக் கால் பிறந்து வளர்ந்த விதம் அப்படி.

"இப்ப விழுந்துடும் பச்சை," என்றார் கெர்டா. "கொஞ்சம் பொறு."

அப்போது சதுக்கத்திலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. முதலில் ஒரு சிணுங்கல். பிறகு வீறிட்ட அழுகை. பால் வேளை வந்துவிட்டது. வண்டியின் நீலக் கூரைக்கு வெளியே ஒரு குட்டிக் கை எழுந்து காற்றைப் பிடித்தது. தேவாலயத்துப் பக்கமிருந்து பட்டைச் சக்கரம் வைத்த ரோபோ கடகடவென்று அந்த வண்டியை நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அதன் நீட்டிய குழாய் மெல்ல மெல்ல மேலே எழும்பியது.

எப்பே சிவப்பு விளக்கைப் பார்த்தான். குழந்தையின் கையைப் பார்த்தான். சாலையில் காலை வைத்தான்.

முழக்கம் நின்றுபோயிற்று.

"எப்பே!" கெர்டாவின் குரல் நடுங்கியது. "சிவப்பு!"

"இன்னும் பச்சை விழலையே!" என்று அலறினார் தாடிக்காரர். "சின்னப் பிள்ளைங்க யாராவது பாத்தா என்ன கத்துக்கும்?"

எப்பே ஓடினான். கட்டளை வண்டியில் ஆலோசகர் துள்ளி எழுந்தார். "தெற்குப் பக்கத்துலேருந்து ஒருத்தன் ஓடி வர்றான்!"

"சிக்னல் கெட்டுப்போச்சா?" என்றார் விபெக்கே.

"நல்லாத்தான் எரியுது."

"சிவப்பா?"

"சிவப்புதான்."

விபெக்கேயின் முகம் வெளுத்தது. "அப்ப அவன் நம்ம ஊர்க்காரனே இல்ல!"

ரோபோவின் குழாய் வண்டியை நோக்கித் திரும்பிய அதே கணத்தில் எப்பே குறுக்கே பாய்ந்தான். குழந்தையை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதுகைக் காட்டிக் குனிந்தான். தண்ணீர் அவன் முதுகின் ஓரத்தில் பட்டு ஆளைச் சுழற்றித் தரையில் உருட்டியது. அடுத்த பீச்சலில் வண்டி சக்கரம் வேறு கூரை வேறாகச் சிதறி, ரொட்டிக்கடைச் சுவரில் மோதி விழுந்தது. இரண்டு விலா எலும்புகள் முறிந்ததே எப்பேவுக்கு அப்போது தெரியவில்லை. சோல்வையின் மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை. அவள் அழுகையை நிறுத்தி, அப்பாவின் நனைந்த மூக்கைப் பிடித்து இழுத்தாள். எப்பே சதுக்கத்துக் கற்களில் கிடந்தபடி வாய்விட்டு அழுதான். அவன் அழுததற்கும் முன் அனுமதி வாங்கியிருக்கவில்லை.

சதுக்கத்தில் அடையாளம் தெரியாத ஆள் புகுந்துவிட்டதாகத் தகவல் போனதால் தூதரின் கார் ஊருக்குள்ளேயே வரவில்லை. புறவழிச் சாலையோடு போய், விமானத்தில் ஏறுமுன் பத்திரிகைக்காரர்களிடம் தூதர் உருக்கமாகப் பேசினார்.

"என் வாழ்நாளில் இப்படி ஓர் அமைதியான ஊரை நான் பார்த்ததில்லை. தெருவில் ஒருவர்கூட இல்லை! ஒரு எதிர்ப்புக் குரல்கூட என் காதில் விழவில்லை. எங்கள் நாட்டின் மேல் இந்த மக்கள் வைத்திருக்கும் அன்புக்கு வேறு சான்று வேண்டுமா?"

மறுநாள் விபெக்கேயும் பேசினார். பொருள் வெற்றிகரமாகச் செயலிழக்கச் செய்யப்பட்டது என்றார். அதில் இருந்தது குழந்தை என்பது பிற்பாடு உறுதிசெய்யப்பட்டது என்றார். காவல்துறையின் முன்யோசனையால் குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று சொன்னபோது பத்திரிகைக்காரர்கள் கை தட்டினார்கள். அன்று நேர்ந்த பாதுகாப்பு மீறல் ஒன்றே ஒன்றுதான், ஒரு பாதசாரி சிவப்பு விளக்கை மீறியது என்று வருத்தத்தோடு முடித்தார். அதற்குச் சாட்சியாகக் கெர்டாவைக் கூப்பிட்டபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே போய், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வந்தார். எப்பேயின் மேல் அவருக்கு அன்புதான். ஆனால் சிவப்பு சிவப்புதானே.

அடுத்த சனிக்கிழமை சிக்னேவும் எப்பேயும் புது வண்டியில் சோல்வையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ரொட்டிக்கடைக்கு வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். வாசலில் நிறுத்திவிட்டு சிக்னே உள்ளே நுழைந்தாள். எப்பே கட்டுப்போட்ட விலாவைப் பிடித்துக்கொண்டு வண்டியின் கைப்பிடியை விடாமல் வெளியிலேயே நின்றான்.

"உள்ள வாயேன். அவ நல்லா தூங்குறா," என்றாள் சிக்னே.

"நீ வாங்கிக்கிட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன்."

"எதுக்கு?"

"பாதுகாப்புக்கு."

சிக்னே தெருவை மேலும் கீழும் பார்த்தாள். எதிர்முனையில் இரண்டு போலீஸ்காரர்கள் மட்டும் ரொட்டி தின்றுகொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர் குழந்தையைப் பார்த்துச் சிரித்தபடி, எழுப்பிடாதே என்று விரலை உதட்டில் வைத்துச் சைகை காட்டினார்.

"இங்க யாருமே இல்லையே எப்பே. யாருகிட்டேருந்து பாதுகாப்பு?"

எப்பே கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாலேயே எதிர்முனையைக் காட்டினான்.

"அவங்ககிட்டேருந்துதான்."